டர்போ போச்சு, வாரண்டி கிடையாதாம்!

கேள்வி: பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினேன். விற்றவர்களே பரிசோதித்து, அறிக்கை கொடுத்து, இரண்டு வருடக் கூடுதல் வாரண்டியும் சேர்த்து விற்றார்கள். எட்டாவது மாதம் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) போய்விட்டது. ‘முறையான பராமரிப்பு இல்லை’ என்று போனிலேயே கிளெய்மை மறுத்துவிட்டார்கள். ஆயில் மாற்றிய பில்கள் இருக்கின்றன, ஆனால் வெளி ஒர்க்‌ஷாப்பில் மாற்றியவை. இனி ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், கழற்றிய டர்போவை யாரும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துச் சாட்சியே அதுதான்.

போனில் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு முறையிடுவது கஷ்டம். எந்த ஷரத்தின்படி மறுக்கிறார்கள், வண்டியை யார் பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஆய்வாளர் எடுத்த போட்டோக்களையும் கேளுங்கள். போனில் சொன்ன காரணம் எழுத்தில் வரும்போது சில சமயம் உருமாறியிருக்கும். ஒர்க்‌ஷாப் கவுண்டரில் நின்ற காலத்தில் இதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, டர்போவுக்கு வருவோம். அதன் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. ஆயில் கொஞ்ச நேரம் வராவிட்டாலும் பேரிங் தேய்ந்து, தண்டு சூட்டில் நீலம் பாய்ந்துவிடும். அப்படி இல்லாமல், காற்று இழுக்கும் பக்கத்துச் சக்கரத்தின் இதழ்கள் பொடிந்திருந்தால் ஏதோ பொருள் உள்ளே போயிருக்கிறது. அதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் வேறு ஷரத்தைத் தேட வேண்டியதுதான்.

நீலம் பாய்ந்திருந்தாலும் பழி உடனே உங்கள் மேல் விழாது. ஆயில் ஏன் வரவில்லை? பம்ப்பில் கோளாறா, டர்போவுக்குப் போகும் குழாயில் கரி அடைத்ததா, இன்ஜினில் ஆயில் அளவே குறைந்திருந்ததா? பம்ப் என்றால், வாரண்டிப் பட்டியலில் அதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். கரி என்றால், அது மெல்ல மெல்லச் சேர்வது, வண்டியோ உங்கள் கைக்கு வந்து எட்டு மாதம்தான். உடனே ‘அப்படியானால் பழைய கோளாறு, அதற்கும் வாரண்டி இல்லை’ என்று பிளேட்டைத் திருப்பிப் போடுவார்கள். அப்போது அவர்களே கொடுத்த பரிசோதனை அறிக்கையை எடுத்து நீட்டுங்கள். இவர்களோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் டர்போவைக் காட்டி, காரணத்தை எழுதி வாங்குவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

வெளி ஒர்க்‌ஷாப் பில்லுக்காகப் பயப்பட வேண்டாம். ஒப்பந்தத்தில் ‘எங்கள் மையத்தில் மட்டும்’ என்று இருந்தால் சிக்கல்தான். ‘உற்பத்தியாளர் சொன்ன இடைவெளியில்’ என்று மட்டும் இருந்தால், தேதி, ஓடோமீட்டர் அளவு, ஆயில் கிரேடு மூன்றும் உள்ள பில்கள் உங்களுக்குப் பலம். கிரேடு எழுதவில்லையா? ஒர்க்‌ஷாப்பிடம் இப்போதே ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். வாசகம் இரண்டு விதமாகப் பொருள்படுமானால், அதை எழுதியவருக்கு எதிராக வாசிப்பது ஒப்பந்தச் சட்டத்தில் நெடுநாள் மரபு. கிளெய்ம் கேட்டு அவர்களுக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் அதையும் சேர்த்துவிடுங்கள்.

அந்தக் கடிதத்தை யாருக்கு அனுப்புவது என்பதிலும் கவனம் தேவை. பணம் கொடுக்க வேண்டியவர் விற்றவரா, வாரண்டி நிறுவனமா, பின்னால் இருக்கும் காப்பீட்டு நிறுவனமா என்பது ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருக்கும். புரியாவிட்டால் எல்லோருக்குமே அனுப்பி, பதிலுக்கு ஒரு தேதி குறியுங்கள். தேதி தாண்டினால் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போகலாம்.

அப்புறம், அதுவரை வண்டி இல்லாமல் முடியாது என்றால் ரிப்பேர் செய்துகொள்ளுங்கள். ஆனால் ‘இந்தத் தேதியில் வேலை தொடங்குகிறது, அதற்குள் வந்து பார்க்கலாம்’ என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆதாரத்தை அழித்துவிட்டதாகப் புதிய காரணம் வரும்.