எங்கே ஏறியது, எங்கே சறுக்கியது: பெரிய தொடர்கள் பற்றிக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி அமெரிக்கத் தொடர்களைப் பற்றியவை, அதனால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். முடிவுகளைச் சொல்லாமல் இவற்றுக்குப் பதில் எழுத முடியாது. இன்னும் பார்க்காத தொடரின் பெயர் கண்ணில் பட்டால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அக்கா, கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி சீசனை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. டேனரிஸை அப்படி ஆக்கியது அநியாயம் இல்லையா?

அவள் நகரத்தைக் கொளுத்தியதை நான் ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. அதற்கான விதை முன்பே விழுந்துவிட்டது. மீரின் நகரில் 163 அடிமை எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தவள் அவள். மண்டியிட மறுத்த டார்லி அப்பாவையும் மகனையும் டிராகனை விட்டு எரித்தவள். அப்போதெல்லாம் நாம் அவள் பக்கம்தான் நின்றோம்.

என் கோபம் எபிசோட் கணக்கின் மேல். முதல் ஆறு சீசன்களுக்கும் தலா 10 எபிசோட். ஏழாவதுக்கு 7, எட்டாவதுக்கு 6. எச்பிஓ சேனல் இன்னும் கொடுக்கத் தயாராக இருந்தது, முடித்தால் போதும் என்று நினைத்தது எடுத்தவர்கள்தான். முதல் சீசனை நினைத்துப் பாருங்கள். ராஜா வடக்கிலிருந்து தலைநகருக்குத் திரும்பும் அந்தப் பயணத்தில் எவ்வளவு நடக்கிறது! கசாப்புக்காரர் பையன் சாகிறான், சான்ஸாவின் ஓநாய் சாகிறது, அக்கா தங்கைக்குள் பகை மூள்கிறது. தூரம் இருந்ததால் மனசு மாறவும் நேரம் இருந்தது. ஏழாவது சீசனில் ஜான் ஸ்னோவும் கூட்டாளிகளும் வடக்கே பனிச் சுவருக்கு அப்பால் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவன் ஓடிப்போய்ச் சொல்லி, காகம் பறந்து, டிராகன் வந்து காப்பாற்றுகிறது. எல்லாம் ஒரே ராத்திரியில் நடந்த மாதிரி இருக்கிறது. தூரம் போனதோடு மனசு மாறுவதற்கான அவகாசமும் போய்விட்டது. எட்டாவது சீசனின் நான்காவது எபிசோடில் டேனரிஸ் தோழி மிசாண்டேயைப் பறிகொடுக்கிறாள், ஐந்தாவதில் ஊர் சாம்பல். நடுவில் அவளோடு உட்கார்ந்து துக்கப்பட நமக்கு ஒரு எபிசோடாவது வேண்டாமா?

அந்த சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அதே சீசனுக்குத்தான் 2019இல் சிறந்த டிராமாவுக்கான எம்மி விருதும் கிடைத்தது.

ஆனால் முதல் சீசனில் நெட் ஸ்டார்க் தலையை வெட்டியபோதும் அதிர்ச்சிதானே? அதை மட்டும் ஏன் கொண்டாடுகிறோம்?

அவர் குழியை அவரே வெட்டிக்கொண்டார் என்பதால். உன் பிள்ளைகளின் அப்பா ராஜா இல்லை என்ற ரகசியம் எனக்குத் தெரியும் என்று ராணி செர்சியிடம் தோட்டத்தில் வைத்து அவரே போய்ச் சொல்கிறார். ராஜாவிடம் சொல்வதற்கு முன்னால், பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று. அந்த ஒரு இரக்கம்தான் ஒன்பதாவது எபிசோடில் அவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. திரும்பப் பார்த்தால் ஒவ்வொரு படியும் அவர் காலால் இறங்கியது என்று தெரியும்.

சோப்ரானோஸ் கடைசிக் காட்சியில் டோனி செத்தானா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

செத்தான்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியின் புளூம்ஃபீல்டில் உள்ள ஹோல்ஸ்டன்ஸ் கடையில் மாஃபியா தலைவன் டோனி உட்கார்ந்திருக்கிறான். கதவு திறக்கும்போதெல்லாம் மணி அடிக்கிறது. அவன் நிமிர்கிறான், அடுத்து அவன் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். மணி, முகம், பார்வை என்ற இந்த வரிசையை அந்தக் காட்சி நமக்குப் பழக்கிவிடுகிறது. வெளியே மகள் மெடோ காரை நிறுத்தத் திணறிவிட்டு ஓடி வருகிறாள். மணி அடிக்கிறது, நிமிர்கிறான், அப்புறம் இருட்டு. அவன் பார்வை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. "நமக்கு நடக்கும்போது சத்தம்கூடக் கேட்காதோ என்னவோ" என்ற மாதிரி கூட்டாளி பாபி படகில் அவனிடம் பேசியது கடைசிக்கு முந்தைய எபிசோடில் திரும்பவும் வருகிறது. இதற்கு மேல் தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் எதைக் காட்ட வேண்டும்? 2007 ஜூன் 10 அன்று ஒளிபரப்பானபோது கேபிள் போய்விட்டது என்று நினைத்தவர்கள் ஏராளம். அந்தக் குழப்பத்தைத் தாங்கிக்கொண்டு அப்படி முடிக்க நெஞ்சுரம் வேண்டும்.

அதே சோப்ரானோஸ்: எந்த எபிசோடில் "இது வேறு ரகம்" என்று தெரியும்?

முதல் சீசன் ஐந்தாவது எபிசோட். டோனி மகளுக்குக் கல்லூரி பார்க்க மெய்ன் மாநிலத்துக்குக் கூட்டிப் போகிறான். வழியில், போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு வேறு பெயரில் வாழும் பழைய ஆள் ஒருவனைப் பார்த்துவிடுகிறான். பின்தொடர்ந்து போய்க் கம்பியால் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். எச்பிஓவில் தொடர்களுக்குப் பொறுப்பாக இருந்த கிறிஸ் ஆல்பிரெக்ட் பயந்தார், இதோடு ரசிகர்கள் டோனியை வெறுத்துவிடுவார்கள் என்று. கொல்லாமல் விட்டால்தான் அவன் பொய்யாகிவிடுவான் என்று சேஸ் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு வந்த பிரேக்கிங் பேடின் வால்டர் வைட், மேட் மென்னின் டான் டிரேப்பர் எல்லோருக்கும் கதவு திறந்தது அந்த எபிசோடில்தான் என்பது என் எண்ணம்.

த வயர் பார்க்க மூன்று தடவை உட்கார்ந்து, மூன்று தடவையும் பாதியில் விட்டுவிட்டேன். பேச்சும் புரியவில்லை, யார் யார் என்றும் புரியவில்லை. அவ்வளவு பெரிய தொடரா அது?

ஆமாம். எனக்கு இதற்கு மேல் ஒரு தொடர் கிடையாது. சப்டைட்டில் போட்டுப் பாருங்கள், அதில் வெட்கமே வேண்டாம். பால்டிமோர் தெருப் பேச்சு அமெரிக்கர்களுக்கே கஷ்டம். முதல் நான்கு எபிசோடில் யாருடைய பெயரும் நினைவில் நிற்காது, கவலைப்படாதீர்கள். ஐந்தாவதிலிருந்து அவர்களே நம்மை இழுத்துக்கொள்வார்கள்.

மொத்தம் 60 எபிசோட், ஐந்து சீசன். முதலில் போதை மருந்தும் போலீசும், அப்புறம் துறைமுகம், அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை. இரண்டாவது சீசன் துறைமுகத்துக்குப் போனதும் பலர் முகம் சுளிப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், வேலை போய்க்கொண்டிருக்கும் ஒரு வர்க்கத்தின் கதை அது. உச்சம் நான்காவது. எழுதியவர்களில் ஒருவரான எட் பர்ன்ஸ் கொலை வழக்குகளை விசாரித்த போலீஸ்காரர், பிறகு பால்டிமோர் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அதனால் அந்த வகுப்பறையில் பொய்யே கிடையாது. டூக்கி என்ற பையன் அழுக்குத் துணியோடு வருகிறான், மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள். புதிய துணி வாங்கிக் கொடுத்தாலும் வீட்டில் விற்றுப் போதைக்குச் செலவழித்துவிடுவார்கள். ஆசிரியர் பிரெஸ் அவனைக் காலையில் பள்ளியிலேயே குளிக்கச் சொல்கிறார், துணியை அவரே துவைத்து வைக்கிறார். இதற்குப் பின்னணி இசை கிடையாது, யாரும் நன்றி சொல்வதும் கிடையாது.

இன்னொரு பையன் ராண்டி. போலீசிடம் பேசியதற்காக அவன் வீடு எரிக்கப்படுகிறது. பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்த சார்ஜென்ட் கார்வரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தலைகுனிந்து நடந்து போகிறவரைப் பார்த்து, "என்னைப் பார்த்துக்கொள்வீர்களா?" என்று அந்தப் பிள்ளை திரும்பத் திரும்பக் கத்துகிறான். கடைசியில் விடுதியில் விட்டுவிட்டு வந்து காரில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் குத்துகிறார். கார்வர் முதல் சீசனில் தெருப் பையன்களை அடித்து விரட்டிக்கொண்டிருந்த ஆள். அவர் அந்தக் காருக்குள் வந்து சேர நான்கு சீசன் ஆனது.

குறையும் உண்டு. ஐந்தாவது சீசனில் போலீஸ்காரர் மக்நல்டி இல்லாத ஒரு தொடர் கொலைகாரனை உருவாக்குவது எனக்கு ஒட்டவே இல்லை. தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோர் சன் பத்திரிகையில் நிருபராக இருந்தவர். அந்த இடத்தின் மீதான கோபம் எழுத்தில் தெரிகிறது. மற்ற நான்கு உலகங்களிலும் கெட்டவனுக்கும் ஒரு நியாயம் வைத்தவர், பத்திரிகை அலுவலகத்தில் மட்டும் நல்லவர் கெட்டவர் என்று கோடு போட்டுவிட்டார். போதாதற்கு 10 எபிசோட்தான் கிடைத்தது.

இவ்வளவு சொல்கிறீர்கள், த வயருக்கு எத்தனை எம்மி?

ஒன்றுகூட இல்லை. எழுத்துக்காக இரண்டு பரிந்துரை, அவ்வளவுதான். பெட்டர் கால் சால் 53 பரிந்துரை வாங்கி ஒரு விருதும் இல்லாமல் முடிந்தது. மேட் மென் நான்கு வருடம் தொடர்ந்து சிறந்த டிராமா விருது வாங்கியது, ஆனால் அதில் நடித்த ஒருவருக்காவது விருது கிடைக்க 2015 வரை, ஜான் ஹாம் வாங்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விருதுப் பட்டியலைப் பார்த்து எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யாதீர்கள்.

பிரேக்கிங் பேடில் ஈ அடிக்கும் எபிசோட் சுத்த போர். தள்ளிவிட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து. பணம் மிச்சம் பிடிக்க ஒரே அரங்கத்தில் எடுத்தது என்பது உண்மை. ரசிகர்கள் போடும் மதிப்பெண்ணில் அந்தத் தொடரிலேயே கடைசியில் கிடப்பதும் உண்மை. ஆனால் தூக்க மாத்திரை மயக்கத்தில் வால்டர் தான் எந்த ராத்திரி செத்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று பேசுவதைக் கேளுங்கள். ஜெஸ்ஸியின் காதலி ஜேன் செத்த ராத்திரி அது, அவள் சாவதைப் பார்த்தும் வால்டர் காப்பாற்றவில்லை. ஜெஸ்ஸி ஏணியில் நின்றுகொண்டு ஈயைத் துரத்துகிறான், கீழே ஏணியைப் பிடித்திருப்பவர் வாயில் உண்மை வந்துவிடுமோ என்று நமக்குக் கை நடுங்குகிறது. மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு அடங்கிவிடுகிறார். ஐந்தாவது சீசனில் அந்த உண்மையை ஜெஸ்ஸியின் முகத்துக்கு நேரே, காயப்படுத்துவதற்காகவே சொல்வார். அந்த எபிசோடை இயக்கியதும் ஈ எபிசோடை இயக்கிய அதே ரையன் ஜான்சன்தான். ஈயைத் தள்ளிவிட்டவர்களுக்கு அந்த அடி பாதிதான் விழும்.

டெக்ஸ்டர் எங்கே கெட்டது?

நான்காவது சீசன் முடிந்த இடத்தில். ஜான் லித்கோ வில்லனாக வந்த சீசன் அது, முடிவில் குளியல் தொட்டியில் டெக்ஸ்டரின் மனைவி ரீட்டா பிணமாகக் கிடப்பாள். அதோடு பொறுப்பில் இருந்த கிளைட் ஃபிலிப்ஸ் விலகினார். பிறகு நான்கு சீசன் ஓடியது, ஓட வைத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். மரம் வெட்டுகிறவனாக அவனைக் கொண்டுபோய் உட்கார வைத்த முடிவை நான் இரண்டாவது முறை பார்க்கவில்லை.

சக்ஸஷனில் லோகன் செத்ததை ஏன் அவ்வளவு தூக்கிப் பேசுகிறார்கள்? முகத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லையே.

முகத்தைக் காட்டாததால்தான். அண்ணன் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் படகில் இருக்கிறார்கள், அப்பா விமானத்தில். மருமகன் டாம் போன் செய்கிறான்: நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள், போனை அவர் காதில் வைக்கிறேன், பேசுங்கள். கேட்கிறதா, உயிர் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. ரோமன் நீங்கள் நல்ல அப்பா என்று ஏதேதோ சொல்லித் திணறுகிறான். அன்று காலையில்தான் அப்பாவுக்கு ஒரு கடுமையான வாய்ஸ்மெயில் அனுப்பியிருந்தான். கெண்டல் மன்னிக்க முடியாது என்கிறான், அதே மூச்சில் பாசத்தையும் சொல்கிறான். மகள் ஷிவை அப்புறம்தான் கூப்பிடுகிறார்கள். அவள் பேசும்போது அநேகமாக எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நல்ல வார்த்தைக்காக அப்பாவிடம் மூன்று சீசன் மல்லுக்கட்டிய பிள்ளைகள், பேச வேண்டிய நேரத்தில் ஒரு போனைக் கைமாற்றிக்கொண்டு நிற்கிறார்கள். தூரத்தில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

படச்சுருளில் எடுத்த தொடர் அது, ஒரு சுருள் 10 நிமிடம்தான் வரும். ஒரு கேமராவில் சுருள் தீரும்போது இன்னொன்று ஓடும்படி வைத்து, கிட்டத்தட்ட அரை மணி நேரம் நிறுத்தாமல் நடிக்க வைத்தார்கள். அந்த மூச்சு வாங்கல் அதனால் வந்தது. கடைசி சீசனின் மூன்றாவது எபிசோடிலேயே இது நடந்துவிடுகிறது. மீதி ஏழு எபிசோடும் துக்கத்துக்கு இடம் இருக்கிறது, நான் முதலில் கேட்ட இடம்.

இப்போதெல்லாம் ஒரு சீசனுக்கும் அடுத்ததுக்கும் மூன்று வருஷம். இதனால்தான் தொடர்கள் கெடுகின்றனவா?

செவரன்ஸ் முதல் சீசன் 2022 பிப்ரவரியில் வந்தது, இரண்டாவது 2025 ஜனவரியில். எரிச்சல் நியாயமானது. ஆனால் சோப்ரானோஸும் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே 2004 ஜூனிலிருந்து 2006 மார்ச் வரை நம்மைக் காக்க வைத்தது. என்னைக் கேட்டால் பெரிய சேதம் எபிசோட் எண்ணிக்கை குறைந்ததால் வந்தது. 13 எபிசோட் இருந்த காலத்தில் சிறிய பாத்திரத்துக்கும் ஒரு நாள் கிடைக்கும். 8 எபிசோடில் எல்லோரும் கதையைத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டியிருக்கிறது. அப்புறம், 2013 பிப்ரவரியில் ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸின் 13 எபிசோடையும் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் இறக்கியதிலிருந்து, ஒரு எபிசோடைப் பற்றி ஒரு வாரம் பேசும் சுகமும் குறைந்துவிட்டது. வாரத்துக்கு ஒன்று என்று நீங்களே வைத்துக்கொண்டு பாருங்கள், நல்ல தொடர் அதைத் தாங்கும்.

உங்கள் கணக்கில் மிகச் சிறந்த முடிவு எது?

சிக்ஸ் ஃபீட் அண்டர், 2005. சவ அடக்கம் செய்யும் குடும்பத்தின் கதை. ஒவ்வொரு எபிசோடும் யாரோ ஒருவரின் சாவில் தொடங்கும், திரை வெளுத்து அந்த ஆளின் பெயரும் பிறந்த, இறந்த வருடமும் வரும். கடைசி எபிசோட் மட்டும் ஒரு பிறப்பில் தொடங்குகிறது. முடிவில் கிளேர் காரை ஓட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போகிறாள். அந்தப் பயணத்தின் நடுவே, நாம் ஐந்து சீசன் பழகிய ஒவ்வொருவரும் எப்போது எப்படிச் சாவார்கள் என்று காட்டி, அதே வெள்ளைத் திரையில் அவர்கள் பெயரைப் போடுகிறார்கள். அம்மா, அண்ணன், கடைசியாக 2085இல் கிளேர். முதல் நாளிலிருந்து அடுத்தவர்களுக்குப் போட்ட அந்த அட்டை நம் ஆட்களுக்கும் வருகிறது. வெளியிலிருந்து ஒரு திருப்பமும் தேவைப்படவில்லை.

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க இதில் எது தேறும்?

பிள்ளைகள் இருந்தால் எதுவும் தேறாது. பெரியவர்கள் மட்டும் என்றால் பெட்டர் கால் சால்.

டெட்வுட் முடிவே இல்லாமல் நின்றுவிட்டதாமே? அதைத் தொடங்கலாமா?

தாராளமாக. 2004 முதல் 2006 வரை 36 எபிசோட், மூன்றாவது சீசனோடு எச்பிஓ நிறுத்திவிட்டது. ஆனால் 2019இல் ஒரு படம் எடுத்து முடித்து வைத்தார்கள். அது 1889இல், தெற்கு டகோட்டா மாநிலமாகும் நேரத்தில் நடக்கிறது. எழுதிய டேவிட் மில்ச்சுக்கு அதற்குள் அல்சைமர் வந்திருந்தது. நடிகர்களுக்கும் பாத்திரங்களுக்கும் சேர்ந்தே வயதாகியிருக்கிறது, அதற்கு மேக்கப் தேவைப்படவில்லை. மூன்றாவது சீசன் முடிந்த கையோடு படத்தைப் போட்டுவிடாதீர்கள். இரண்டு மாதமாவது விட்டுப் பாருங்கள்.