ஏரிக்குள் ஒரு தற்காலிகக் கரை

கேள்வி: எங்கள் ஏரியில் ஒரு பாதியில் தண்ணீரை நிறுத்தி, நடுவே மண்கரை போட்டு, மறுபாதியில் பொக்லைன் கொண்டு தூர்வாருகிறார்கள். ஐந்தடி உயரக் கரைதானே, ஆபத்தில்லை என்கிறார்கள். சரியா?
– வாசகர், மதுராந்தகம் வட்டம்

பதில்: போட்ட அன்று அது ஐந்தடிக் கரைதான். ஆனால் அதன் காலடியிலேயே மூன்றடி ஆழத்துக்கு வண்டலை அள்ளிவிட்டால், மேலே ஒரு கூடை மண்கூடக் கொட்டாமல் அது எட்டடிக் கரையாகிவிடுகிறது. அகலம் மட்டும் பழைய அகலமாகவே நிற்கிறது. தண்ணீரின் தள்ளுவிசையோ ஆழத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவது. 1 மீட்டர் ஆழத் தண்ணீர் கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ அரை டன் விசையுடன் தள்ளும். 2 மீட்டரானால் அது 2 டன். ஆகவே, ஒரு கோடை மழையில் நீர்மட்டம் இரண்டடி உயர்வதைச் சிறிய மாற்றமாகக் கருதக் கூடாது.

இத்தகைய கரைகளைப் பெரும்பாலும் அங்கேயே அள்ளிய ஈர வண்டலைக் கொண்டு, திமிசு போட்டு இறுக்காமல் எழுப்பிவிடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரும் கவலை. அதில் தண்ணீர் எளிதில் வழி கண்டுவிடும். கரையின் அடியில் கசிவது தெளிந்த நீராக இருந்தால் இரவும் பகலும் ஆள் வைத்துக் கவனிக்கலாம். கலங்கி வந்தாலோ, உள்ளிருக்கும் மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அந்த நிமிடமே பள்ளத்தில் இருக்கும் தொழிலாளர்களை மேலேற்றிவிட வேண்டும். எந்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏரியின் நிலையான கரைக்கும் ஆபத்து உண்டு. மோட்டார் வைத்து மிக விரைவாகத் தண்ணீரை இறைத்தால், ஈரம் ஊறிய உட்சரிவு தன்னைத் தாங்கியிருந்த நீரை இழந்து சரியக்கூடும். கரை உடையும் அச்சம் ஏரிகாத்த ராமர் கோயில் கொண்ட உங்கள் ஊருக்குப் புதிதல்லவே.

பொறியாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: தற்காலிகக் கரையின் அடியிலிருந்து எத்தனை அடி தள்ளித் தோண்டுகிறார்கள்? ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலின் நீர், உபரிநீர் வெளியேறும் கலங்கலைச் சென்றடைய வழி விட்டிருக்கிறார்களா? அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இந்தத் தடுப்பை முழுவதுமாக அகற்றும் பொறுப்பு யாருடையது? மூன்றாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.