கடன் வாங்கிச் சீட் வாங்காதீர்கள், மகளை என்.சி.சி.யில் சேருங்கள்

பெரம்பூரிலிருந்து வந்திருந்த அந்தப் பெற்றோருக்கு முதலில் நானும் ஆறுதல்தான் சொன்னேன். பிளஸ் டூ முடிக்கும் மகளுக்கு ராணுவ அதிகாரியாக ஆசை. பெரியப்பாவோ, நகையை அடகு வைத்தாவது மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கச் சொல்கிறார். முன்பணம் கட்டப் போகிறோம் என்றதும் ஆறுதலை நிறுத்திக்கொண்டு, கட்டாதீர்கள் என்றேன். கணக்கு என்றாலே ஒதுங்கும் பிள்ளை அது. நாளைக்கு வட்டி கட்டப் போவதும் பெரியப்பா இல்லை.

ராணுவ அதிகாரியாவதற்கான எழுத்துத் தேர்வுகளான என்.டி.ஏ., சி.டி.எஸ். எல்லாம் கோச்சிங் சென்டர் பேனரிலேயே இருக்கும், அதை விடுங்கள். என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படையில் இருந்தவர்கள் அதிகாரியாகச் சேரும் சிறப்பு நுழைவைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. இதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது. ஏதாவது ஒரு பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண், கல்லூரி என்.சி.சி.யில் தேர்வெழுதி வாங்கும் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, 19 முதல் 25 வயது, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. விண்ணப்பத்தில் வடிகட்டியபின் நேராக எஸ்.எஸ்.பி. எனும் ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணல், ஐந்து நாள். தேறினால் பயிற்சி எங்கே தெரியுமா? நம் சென்னைப் பரங்கிமலையில். 1963-ல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சி அகாடமி அங்கேதான் இருக்கிறது. 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். 49 வாரம், அரசு செலவு. மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

"களப்பயிற்சியை இவள் தாங்குவாளா?" என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. களப்பயிற்சி என்றால் ஓட்டமும் சுவர் ஏறுவதும் மட்டும் என்று நினைக்கிறோம். அதில் பாதி, கண்ணுக்கும் மூளைக்குமான வேலை. எதிரில் தெரியும் மரம் எத்தனை மீட்டர் தள்ளி என்று கணிப்பது, வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து இரவில் இடம் சேர்வது, வாய் திறக்காமல் கைச்சைகையில் பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனை நகர்த்துவது. ஒளிந்திருப்பவரைக் காட்டிக்கொடுப்பது எது என்பதற்கே தனிப் பாடம் இருக்கிறது: உருவம், பளபளப்பு, நிழல், அசைவு. இதன் அரிச்சுவடியைக் கல்லூரி என்.சி.சி.யிலேயே கற்றுத் தருகிறார்கள். பத்து நாள் முகாமில் அதிகாலை எழுந்து, வரிசையில் நின்று சாப்பிட்டு, .22 ரைபிள் சுட்டுப் பார்க்கும்போது, இது தனக்கு ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் பட்டம் கையில் இருக்கிறது, நகையும் பெட்டியில் இருக்கிறது.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.பி.யில் பெரும்பாலானவர்கள் தேறுவதில்லை. இது குறுகிய காலப் பணி: பத்து ஆண்டு, நான்கு ஆண்டு நீட்டிக்கலாம். நிரந்தரப் பணி கிடைக்காமல் வெளியே வந்தால் ஓய்வூதியம் இல்லை. பயிற்சியைச் சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விட்டால் அதற்கான செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் சொல்கிறேன்: அவளுக்கே ஆசை விட்டுப்போனால், இவ்வளவு தூரம் வந்தாயே என்று நீங்களும் பிடித்துத் தள்ளாதீர்கள். "செலக்‌ஷன் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, அவளுக்குப் பிடித்த பாடம் இருக்கும் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு நேரில் போவது. என்.சி.சி. ராணுவப் பிரிவு உண்டா, அதில் பெண்களுக்கு இடம் உண்டா என்று விண்ணப்பம் வாங்கும் முன்பே கேளுங்கள். ஆள் எடுப்பது பெரும்பாலும் முதலாண்டின் முதல் சில வாரங்களில். அதற்கும் ஓட வைப்பார்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் இந்த விடுமுறையிலேயே அவள் ஓடத் தொடங்கட்டும்.