தினமும் போஸ்ட் போட வேண்டுமா? லிங்க்ட்இன் கேள்வி-பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைத்தான் சுற்றி வந்தன: லிங்க்ட்இன்னில் எத்தனை நாளைக்கு ஒருமுறை எழுதுவது? வேலைக்கு வேலை, தொழிலுக்குத் தொழில் பதில் மாறும் என்பதால் தனித்தனியாகவே சொல்கிறோம்.

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். தினமும் போஸ்ட் போட்டால்தான் நல்ல வாய்ப்பு வரும் என்கிறார்கள் நண்பர்கள். பத்து நாள் போட்டேன். அதற்கு மேல் எழுத விஷயமே இல்லை. என்ன செய்வது?

தினமும் வேண்டாம். ஷிஃப்ட் வேலையில் இருப்பவருக்கு வாரம் ஒன்று போதும். மூன்று மாதம் விடாமல் எழுதிப் பழகிய பிறகு இரண்டாக்கிக்கொள்ளலாம்.

லிங்க்ட்இன் பதிவுகளை நேர வரிசைப்படி காட்டுவதில்லை. யாருக்கு எது பொருந்தும் என்று கணித்துக் காட்டுகிறது. செவ்வாய்க்கிழமை போட்டது வியாழக்கிழமையும் சிலர் கண்ணில் படும். கமென்ட்டில் யாராவது சந்தேகம் கேட்டால் நின்று பதில் சொல்ல உங்களுக்கு அந்த இடைவெளி வேண்டும். தினமும் எழுதுவதில் உள்ள பெரிய கெடுதல் வேறு. சரக்கு தீர்ந்ததும் கை தானாகப் பொன்மொழிக்கும், பண்டிகை வாழ்த்துக்கும், அடுத்தவர் பதிவை ரீபோஸ்ட் செய்வதற்கும் போய்விடும். உங்கள் ப்ரொஃபைலைத் திறக்கும் எச்.ஆர். கண்ணில் 'ஆக்டிவிட்டி' பகுதியில் கடைசியாகப் போட்டவைதான் படும். அங்கே நான்கு வாழ்த்துப் படங்கள் இருந்தால் உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

விஷயம் இல்லை என்பதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். தரக்கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு விஷயம் தினமும் மேஜைக்கு வருகிறது. குறித்து வைக்காததால் மறந்துபோகிறது. ஷிஃப்ட் முடிந்ததும் போனில் ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள்: இன்று எது ரிஜெக்ட் ஆனது, ஏன் ஆனது, எப்படிப் பிடித்தோம். வாரக் கடைசியில் ஐந்தாறு வரி சேர்ந்திருக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு ஒன்று. அலுமினிய பாகத்தில் 25 மி.மீ. துளை, எச்7 டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட அளவு விலகல்). அதாவது 25.000-க்குக் குறையக் கூடாது, 25.021-ஐத் தாண்டக் கூடாது; மொத்த இடமே 21 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால், பாகம் 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தாலே துளை கிட்டத்தட்ட 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும். மெஷின் பக்கத்தில் 'ஓகே' ஆனது, 20 டிகிரி அளவீட்டு அறையில் சிறிதாகிப்போய் ரிஜெக்ட் ஆவது இப்படித்தான். இதை 120 சொல்லில் எழுதி, கடைசியில் 'உங்கள் இடத்தில் அளப்பதற்கு முன் எவ்வளவு நேரம் ஆற விடுகிறீர்கள்?' என்று கேளுங்கள். அதே வேலையில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள்; நீங்கள் அறிமுகமாக வேண்டியதும் அவர்களிடம்தான்.

ஒரு பதிவுக்கு 3,000 எழுத்து வரை இடம் உண்டு, நிரப்ப வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று வரிதான் வெளியே தெரியும், மீதியைத் தட்டினால்தான் விரியும். அதனால் 'அனைவருக்கும் வணக்கம்' என்று தொடங்காமல் 'மெஷினில் ஓகே, லேபில் ரிஜெக்ட்: 6 மைக்ரான் எங்கிருந்து வந்தது?' என்று தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை எழுதி, பதிவுப் பெட்டியில் உள்ள கடிகாரக் குறியைத் தட்டி, வேலை நாளுக்கு ஷெட்யூல் செய்துவிடலாம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கஸ்டமர் பெயர், பார்ட் நம்பர், டிராயிங் எதுவும் பதிவில் வரக் கூடாது. போட்டோவின் பின்னணியில் மாட்டியிருக்கும் ஜாப் கார்டு, மெஷின் திரையில் ஓடும் புரோகிராம் எண் இவையும் அதில் அடக்கம். கையால் தாளில் வரைந்த படம் போதும், வேலைக்கு ஆபத்தில்லை.

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் தொழிற்சாலை நடத்துகிறோம். சீசனில் மூச்சுவிட நேரமில்லை; சீசன் முடிந்தால் போட ஒன்றுமில்லை. வெளிநாட்டு ஆர்டருக்கு லிங்க்ட்இன் உதவுமா? எத்தனை பதிவு வேண்டும்?

உதவும். ஆனால் படம் எடுக்கும் மாதமும் பதிவு போடும் மாதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சீசனில் வாரம் ஒன்று, படத்தோடு இரண்டு வரி, அவ்வளவே. மற்ற மாதங்களில் மாதம் இரண்டு. சீசன் மூன்று மாதம் என்று வைத்தால், மீதி ஒன்பது மாதத்துக்கு 18 பதிவு. அதற்கான சரக்கை சீசனிலேயே சேர்த்துவிட வேண்டும்.

பொறுப்பாக ஒருவரை நியமித்து, போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒவ்வொரு கட்டத்தையும் 20 முதல் 30 விநாடி எடுக்கச் சொல்லுங்கள்: லாரியிலிருந்து பழம் இறக்குவது, ரகம் பிரிப்பது, பழுக்க வைக்கும் அறை, கழுவுவது, பல்பரில் (கூழ் எடுக்கும் இயந்திரம்) கொட்டையும் தோலும் பிரிவது, அசெப்டிக் (கிருமி நீக்கிய) பையில் நிரப்புவது, டிரம்முக்கு சீல் வைப்பது. தேதியும் லாட் எண்ணும் தனியே குறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜனவரியில் எந்தப் படம் அல்போன்சா, எந்தப் படம் பெங்களூரா என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

பழுக்க வைக்கும் அறைக்கு மட்டும் ஒரு முழுப் பதிவு கொடுங்கள். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை. எத்திலீன் வாயு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி. வாங்குபவருக்குப் பயம் வரும் இடம் இது. உங்கள் அறை, வெப்பமானி, பதிவேடு மூன்றையும் காட்டினால் பத்துப் பக்க பிரோஷர் செய்யாததை அது செய்யும்.

'பிரீமியம் தரம்' என்று எழுதி ஆர்டர் வாங்க முடியாது. பிரிக்ஸ் (இனிப்பின் அளவு), அமிலத்தன்மை, பி.எச்., 3.1 கிலோ டின்னா, 215 கிலோ டிரம்மா, எத்தனை டன் கையிருப்பு: இவற்றை லேப் ரிப்போர்ட்டில் உள்ளபடி ஒரு பக்க பி.டி.எஃப். ஆக்கிப் போடுங்கள். போட்ட பிறகு மேலே எழுதியதைத் திருத்தலாம், இணைத்த பி.டி.எஃப்.பை மாற்ற முடியாது. எடையையும் போன் நம்பரையும் இருமுறை சரிபார்த்தபின் ஏற்றுங்கள்.

கம்பெனி பேஜ் மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். பேஜ் யாருக்கும் கனெக்‌ஷன் கேட்டு அனுப்ப முடியாது. முதலாளியின் சொந்த ப்ரொஃபைலில் எழுதுங்கள். பேஜில் அதை ரீபோஸ்ட் செய்தால் போதும்.

தளி பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா. பிப்ரவரி 14-க்கு எப்போது பதிவு போட வேண்டும்?

பிப்ரவரியில் போட்டால் பூ ஏற்கெனவே விலை பேசப்பட்டுப் போயிருக்கும். டிசம்பரில் செடியைக் கவாத்து செய்யும் வாரமே தொடங்குங்கள். ரகம், காம்பு நீளம், வாரம் எத்தனை காம்பு வரும் என்ற கணக்கோடு வாரம் ஒரு பதிவு, ஜனவரிக் கடைசி வரை. அதன்பின் மாதம் ஒன்று.

தருமபுரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. என்ன போடுவது?

மாதம் ஒரு பதிவு. முடித்த புராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப் பற்றி மட்டும். ஆன்லைன் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் போடாதீர்கள், ப்ரொஃபைலில் சேர்த்தால் போதும். அதற்குப் பதில் உங்கள் துறைக்காரர்களின் பதிவுகளில் வாரம் மூன்று கமென்ட் எழுதுங்கள். 'சூப்பர் சார்' கணக்கில் வராது. அவர் சொன்ன முறையில் புரியாத ஓர் இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

தமிழில் எழுதலாமா?

படிக்க வேண்டியவர் யாரோ, அவர் மொழியில். ஓசூர் ஆலைகளின் மேலாளர்களில் பலர் வெளிமாநிலத்தவர். வெளிநாட்டு வாங்குபவரும் தமிழ் படிக்கப் போவதில்லை. அங்கே சின்னச் சின்ன வாக்கியங்களில் ஆங்கிலம். உள்ளூர் வாடிக்கையாளரும் சப்ளையருமே இலக்கு என்றால் தாராளமாகத் தமிழ். ஐ.டி.ஐ. முடித்த ஆபரேட்டர்களைத் தேடுகிறீர்களா? அவர்களில் பெரும்பாலோர் லிங்க்ட்இன்னில் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

இரண்டு மாதம் எழுதவில்லை. விளக்கம் சொல்லித் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை. அடுத்த விஷயத்தோடு நேராகத் தொடங்குங்கள். விட்டதை ஈடுகட்டுகிறேன் என்று ஒரே வாரத்தில் ஐந்து பதிவு மட்டும் போட்டுவிடாதீர்கள்; ஐந்தையும் எழுதி, வாரத்துக்கு ஒன்றாக ஷெட்யூல் செய்யுங்கள்.