சோல் ட்ரெயின் நிகழ்ச்சியை இன்றும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

சோல் ட்ரெயின் என்பது கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டுக்கும் ஆட்டத்துக்குமான தொலைக்காட்சி நிகழ்ச்சி. அதன் தயாரிப்பாளரும் தொகுப்பாளருமான டான் கொர்னீலியஸ் 1970-இல் அதை சிகாகோவில் தொடங்கினார். அடுத்த ஆண்டே பல நகரங்களுக்குப் பரவி, 2006 வரை ஓடியது.

அதுவரை கறுப்பினக் கலைஞர்களுக்கு டிவியில் கிடைத்த இடம் கொஞ்சம்தான். இங்கே தயாரிப்பாளர், மேடை, ஏன், அவர்களின் அடர்ந்த சுருட்டை முடியான ஆஃப்ரோவுக்கான விளம்பரம்கூட அவர்களுடையது. வீட்டிலிருந்த பிள்ளைகள் தங்களைப் போன்ற முகங்களைப் பெருமையோடு பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த ஆட்ட வரிசை. கல்யாண ஊர்வலத்தில் இருபக்கமும் சொந்தக்காரர்கள் கைதட்ட, நடுவே ஒருவர் ஆடிக்கொண்டே வருவாரே, அதேதான்! கறுப்பின அமெரிக்கர்களின் கல்யாணங்களில் இன்றும் அது உண்டு.

அப்புறம், கறுப்பினக் கலைஞர்கள் மட்டுமே வந்தார்கள் என்பது தவறு; 1975-இல் வெள்ளையினப் பாடகர்களான எல்டன் ஜானும் டேவிட் போவியும் அங்கே மேடையேறினார்கள்.