வாடகை வீட்டுப் பரணுக்கு ஒன்றரை லட்சமா?

கேள்வி: ஈரோட்டில் மாதம் 9,000 ரூபாய் வாடகையில், 720 சதுர அடி வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். கணவர் மஞ்சள் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுகிறார்; சம்பளம் 34,000 ரூபாய். நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்து 12,500 ரூபாய் வரை ஈட்டுகிறேன். மாதம் 6,000 ரூபாய் மிச்சமாகிறது. வங்கியில் 55,000 ரூபாய் இருக்கிறது. மாமனார் காலமானதும், கோபி பக்கத்தில் இருந்த தோட்டத்துச் சாளையைக் காலி செய்துவிட்டு அத்தை எங்களுடன் வந்துவிட்டார். அவருடைய பித்தளை அண்டாக்கள், சீர்வரிசைக் குடங்கள், ஜமக்காளங்கள், இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதங்கள் எல்லாம் சின்ன அறையை அடைத்துக்கொண்டன. தையல் இயந்திரம் கூடத்தில் கிடக்கிறது. துணிகள் மாறிப்போவதால் வரும் வேலையைக்கூடத் திருப்பி அனுப்புகிறேன். பரணுக்குக் கதவு, சுவர் அலமாரி எல்லாம் சேர்த்துத் தச்சர் 1,60,000 ரூபாய் கேட்கிறார்; 2,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டோம். இதற்குத் தனிநபர் கடன் வாங்கலாமா, நகையை அடகு வைக்கலாமா? அல்லது 14,000 ரூபாய் வாடகையில் பெரிய வீட்டுக்குப் போய்விடலாமா?

பதில்: சகோதரி, மஞ்சள் மூட்டையைக் கிடங்கில் போட்டுவைத்தால் அதற்கு வாடகை ஏறிக்கொண்டே போகும் என்பதை உங்கள் கணவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலை ஏறட்டும் என்று ஆண்டுக்கணக்கில் மூட்டையை விற்காமல் வைத்திருந்த விவசாயி, கடைசியில் நல்ல விலைக்கு விற்றும்கூட, கிடங்கு வாடகையையும் முடங்கிய பணத்தின் வட்டியையும் கழித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்காத கதைகளை அவர் நிறையப் பார்த்திருப்பார். அதே கணக்கை உங்கள் சின்ன அறைக்கும் போட்டுப் பாருங்கள். 720 சதுர அடிக்கு 9,000 ரூபாய் என்றால் சதுர அடிக்கு மாதம் 12 ரூபாய் 50 காசு. அந்த அறை எட்டுக்கு ஒன்பது, அதாவது 72 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், அங்கே குவிந்திருக்கும் சாமான்களுக்கு நீங்கள் மாதம் 900 ரூபாயும் ஆண்டுக்கு 10,800 ரூபாயும் கிடங்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய வீட்டுக்குப் போவது இந்த வாடகையைக் குறைக்காது. மாதம் 5,000 ரூபாய், ஆண்டுக்கு 60,000 ரூபாய் என்று அதைப் பல மடங்கு கூட்டிவிடும்.

தச்சரின் மதிப்பீட்டைப் பற்றி எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. சுவரில் அடித்த அலமாரியும் பரணில் பொருத்திய கதவும் நீங்கள் வீட்டைக் காலி செய்யும் நாளில் உங்களுடன் வராது. கழற்றினால் சுவர் பெயரும், விட்டுவந்தால் அது வீட்டு உரிமையாளருக்கு நீங்கள் செய்த சீர் ஆகிவிடும். ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் 36 மாதத் தவணையாக 1,60,000 ரூபாய் வாங்கினால், மாதத் தவணை சுமார் 5,470 ரூபாய் வரும். உங்கள் மாத மிச்சமான 6,000 ரூபாயில் ஏறத்தாழ முழுவதையும் அது மூன்று ஆண்டுகளுக்கு விழுங்கிவிடும். வட்டியாக மட்டும் 37,000 ரூபாய்க்கு அருகில் போகும். நகைக்கடனில் வட்டி குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்து, அசலை அப்படியே நிறுத்தி, பிறகு ஏல அறிவிப்பு வந்த பின்பு ஓடுகிற குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மருத்துவச் செலவுக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ கைகொடுக்க வேண்டிய நகையைப் பரண் கதவுக்காக அடகுக் கடைக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் மாதச் செலவு 40,500 ரூபாய் ஆகிறது. கையிருப்போ 55,000 ரூபாய். மூன்று மாதச் செலவுக்காவது ஒதுக்கீடு வேண்டும் என்று பார்த்தால், நீங்கள் கடன் வாங்கும் நிலையில் இல்லை, சேர்க்க வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள்.

எனவே இந்த வேலை முழுவதற்கும் 8,000 ரூபாய் என்று ஒரு வரம்பு கட்டிக்கொள்ளுங்கள். முதல் ஒரு மாதம் அதிலிருந்தும் ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டாம். சாமான்களைப் பிரிக்காமல் பெட்டி வாங்குவது எவ்வளவு வீண் என்பதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. அடுக்கி வைக்கப் போகிறோம் என்று ஒரே நாளில் ஆறு பிளாஸ்டிக் கூடைகள் வாங்கினோம். அடுத்த மாதம் ஆறு கூடைகளிலும் குப்பை நிறைந்திருந்தது.

பெரும்பாலானவர்கள் பாத்திரத்தில் தொடங்குவார்கள். நீங்கள் டிரங்குப் பெட்டிக் காகிதங்களில் தொடங்குங்கள். அத்தையின் மனம் நோகாமல் செய்யக்கூடிய வேலை அதுதான். பணம் கிடைக்கக்கூடிய வேலையும் அதுதான். மாமனார் காலத்துப் பாஸ்புத்தகங்கள், வைப்புத்தொகை ரசீதுகள், அஞ்சலகச் சேமிப்புப் பத்திரங்கள், காப்பீட்டுப் பத்திரங்கள், கூட்டுறவுச் சங்கப் பங்கு ரசீதுகள், அப்பாரு வாங்கிப் போட்ட மில் பங்குப் பத்திரங்கள் என எதுவும் அதில் இருக்கலாம். பத்து ஆண்டுகளாக யாரும் கேட்காத வங்கி வைப்புத்தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிடுகின்றன. அப்படி மாறிய பணம் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். உரியவரோ வாரிசுகளோ அந்த வங்கியிலேயே விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். எந்த வங்கியில் யார் பெயரில் இருக்கிறது என்று தேட, 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ‘உத்கம்’ இணையதளம் உதவும். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து வாங்கப்படாத பங்கு ஈவுத்தொகை, முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போகும். அதையும் கோரிப் பெறலாம். வாரிசுச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் கேட்பார்கள் என்பதால் அவற்றில் நான்கைந்து நகல்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைப்பது, எதைக் கழிப்பது என்ற கேள்வி காகிதங்களில் கடினமானது இல்லை. கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, நில வரி ரசீது, நகை வாங்கிய ரசீது, சொந்த வீடோ கிணறோ கட்டிய செலவு ரசீது ஆகியவை சொத்து கையில் இருக்கும்வரை இருக்க வேண்டும். பின்னாளில் விற்கும்போது வாங்கிய விலையையும் மேம்பாட்டுச் செலவையும் காட்டி மூலதன ஆதாய வரியைக் கணக்கிட அவைதான் ஆதாரம். வருமான வரி தொடர்பானவற்றை எட்டு ஆண்டுகள் வைத்திருக்கும்படி என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது வழக்கம். வாடகை ஒப்பந்தமும் முன்பண ரசீதும் முன்பணம் திரும்பக் கைக்கு வரும்வரை பத்திரம். மின் கட்டண ரசீதில் ஓராண்டுக்கு மேற்பட்டதைத் தயங்காமல் எடையில் போடலாம். கடைகளில் வழவழப்பான தாளில் தரும் ரசீதுகளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். உத்தரவாதம் உள்ள பொருள்களின் ரசீதை அன்றே நகல் எடுத்துவிடுங்கள். மூலப் பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவும் முடியாது, முத்திரையைச் சோதிக்கவும் முடியாது.

இரண்டு டிரங்குப் பெட்டிகளும் இப்படி ஒன்றாகச் சுருங்கிவிடும். அந்த ஒன்றைத் தரையில் சுவரை ஒட்டி வைக்காமல், கரையானும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் எட்டாத உயரத்தில் வையுங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தை நீங்கள், கணவர், அத்தை மூவரும் தெரிந்துவைத்திருங்கள்.

இனி பாத்திரங்கள். கொங்குப் பகுதியில் கல்யாணச் சீராக வந்த பாத்திரத்தை ‘விற்றுவிடலாம்’ என்று மருமகள் சொன்னால் அந்தச் சொல் எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகையால் விற்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பெட்டிகள் வேண்டும். வாய் அகன்ற, மூடியுள்ள, எலி கடிக்க முடியாத பெட்டிகள் சின்ன அறையில் ஏற்கெனவே கிடக்கின்றன. பெரிய பித்தளை அண்டாவில் ஜமக்காளங்களையும் போர்வைகளையும் மடிக்காமல் சுருட்டி, வசம்புத் துண்டுகளும் காய்ந்த வேப்பிலையும் போட்டு மூடி வைக்கலாம். பவானி ஜமக்காளத்தை மடித்தே ஆண்டுக்கணக்கில் வைத்தால் மடிப்பிலேயே நூல் இற்றுவிடும். எவர்சில்வர் குடங்களிலும் தூக்குப் போசிகளிலும் துவரை, உளுந்து, ரேஷன் அரிசி போகும். புளியையும் உப்பையும் மட்டும் பித்தளையில் போட வேண்டாம். அவற்றுக்குப் பீங்கான் சாடியோ மண்சட்டியோதான் சரி. இந்த ஒரு மாற்றத்தினால் பாதிச் சாமான் மீதிச் சாமானுக்குக் கலம் ஆகிவிடும்.

அதன் பிறகும் புழங்காத எவர்சில்வர் மிஞ்சினால், பழைய விலைக்குப் போடுவதைவிட உறவினர் வீட்டு விசேஷங்களுக்குச் சீராகவே கொடுத்துவிடுவது லாபம். ஆண்டுக்கு எத்தனை காதுகுத்து, எத்தனை கிரகப்பிரவேசம் என்று மொய் நோட்டைப் பார்த்தால் தெரியும். பெயர் வெட்டியிருக்கிறதா என்று மட்டும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். கொடுத்தவரின் பெயரோடு அவர் வீட்டுக்கே திரும்பிப் போன தாம்பாளம் ஒன்றை எனக்குத் தெரியும். அத்தை தாமாகவே சம்மதித்துப் பித்தளையோ செம்போ விற்பதானால், முதலில் எடைமேடையில் நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு, இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். செம்புக்குப் பித்தளையைவிட விலை அதிகம். இரண்டையும் கலந்து ஒரே எடையாகப் போடக் கூடாது. கடைக்காரர் எவ்வளவு கழிவு பிடிக்கிறார் என்பதை எடை போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வரும் பணம் அத்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போவதுதான் முறை.

ஒரு மாதம் கழித்து 8,000 ரூபாயை எடுங்கள். பெரும்பகுதி, ஐந்து தட்டுள்ள இரும்பு ஆங்கிள் ரேக்குகள் இரண்டுக்குப் போகட்டும். தகட்டின் பருமனைப் பொறுத்து விலை மாறும். மூடிவிட்ட கடைகளின் பழைய ரேக்குகள் கிடைத்தால் இன்னும் மலிவு. நட்டு போல்ட்டைக் கழற்றினால் அது எந்த வீட்டுக்கும் வரும்; வேண்டாத நாளில் இரும்பு எடைக்காவது போகும். கனமானதைக் கீழ்த்தட்டில் வைத்து, பிள்ளைகள் ஏறிச் சாய்த்துவிடாதபடி மேல் சட்டத்தைச் சன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள். பரணுக்குக் கதவு எதற்கு? இரண்டு ஆணியில் ஸ்பிரிங் கம்பி இழுத்து, கனி மார்க்கெட் வாரச் சந்தையில் வாங்கிய துணியில் நீங்களே திரைச்சீலை தைத்து மாட்டினால் தூசி மறையும், காற்றும் போகும். காங்கேயம் பக்கத்து எண்ணெய் ஆலைகளிலிருந்து வரும் பதினைந்து கிலோ டின்களை உங்கள் மளிகைக் கடைக்காரரிடமே பழைய விலைக்குக் கேட்டு வாங்கி, கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் தானியத்துக்கு அவையே போதும்.

இதில் உங்களுக்கு வருமானம் தரக்கூடிய ஒரே இடம் அந்தச் சின்ன அறை என்பதால், ஒரு ரேக் முழுவதையும் தையலுக்கே ஒதுக்குங்கள். பழைய வேட்டியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து, ஒவ்வொரு வாடிக்கையாளரின் துணி, லைனிங், அளவுச் சீட்டு, வாங்கிய நாள் ஆகியவற்றை அவரவர் பையில் போட்டு, முடித்துக் கொடுக்க வேண்டிய கிழமைப்படி தட்டில் வரிசையாக வைத்தால் துணி மாறாது. நூல்கண்டு, கொக்கி, ஜிப் இருப்பது தெரியாமல் மறுபடியும் வாங்கும் செலவும் நிற்கும். திருப்பி அனுப்பும் வேலையில் மாதம் 2,000 ரூபாய்க்கு உரியதையாவது அந்த அறையில் தைத்துக் கொடுத்தால், போட்ட 8,000 ரூபாய் நான்கு மாதங்களில் திரும்பிவிடும். அதன் பிறகு வருவதைத் தனியே சேமிப்புக் கணக்கில் போட்டு, கையிருப்பு 1,20,000 ரூபாயைத் தொடும்வரை எடுக்காதீர்கள்.

மொத்தமாக வாங்கும் பழக்கத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். பங்குனி, சித்திரையில் ஆண்டுக்கு வேண்டிய புளி, மிளகாய், மஞ்சளை வாங்கிவைப்பது நல்ல வழக்கம். அவை கெடாது, அந்தப் பருவத்தில் விலையும் குறைவு. ஆனால் ஆடித் தள்ளுபடியில் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து வாங்கிய படுக்கை விரிப்புகளும், வண்டு விழும்வரை கிடக்கும் பருப்பும் சேமிப்பாகா. உங்கள் வீட்டில் இடத்துக்கும் விலை உண்டு என்பதால், ஐம்பது ரூபாய் தள்ளுபடிக்காக வாங்கியது ஆறு மாதம் அறையை அடைத்தால் அந்த ஐம்பதும் வாடகையில் போய்விடும்.

போகிக்கு முன்பு, காப்புக்கட்டுக்கு வீடு வெள்ளையடிக்கும் நேரத்தில், எப்படியும் எல்லாவற்றையும் வெளியே எடுப்பீர்கள். அதற்குள் காகித வேலையை முடித்துவிட்டால், அன்று எடுத்த சாமான் எதுவும் யோசிக்காமல் உள்ளே திரும்பிப் போகாது.

தச்சரிடம் கொடுத்த 2,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு மனக்கசப்பு வளர்க்க வேண்டாம். அதற்கு ஈடாகத் துணி வெட்டும் மேசை ஒன்று செய்து தரச் சொல்லுங்கள். கூடுதலாகக் கேட்டால் 8,000 ரூபாய் வரம்புக்குள் அடங்கும் அளவுக்குப் பேசுங்கள். கால்களைக் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும், கீழே துணி மூட்டை வைக்க ஒரு பலகையும் இருக்கட்டும். வீடு மாறும்போது அது உங்களுடனே வந்துவிடும்.