அமெரிக்காவுல ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (எல்லா வயசுக்காரங்களுக்கும் வைத்தியம் பார்க்குற, மேல்படிப்பு படிச்ச நர்ஸ்) கோர்ஸை முழுசா ஆன்லைன்லயே படிச்சிட முடியுமா?

"முழுசா"ன்னு கேட்டிருக்கீங்க, அது மட்டும் முடியாதுங்க. பார்மகாலஜி, பேத்தோஃபிசியாலஜி மாதிரி தியரி எல்லாம் வேலைக்குப் போயிட்டே ராத்திரி லேப்டாப்ல உக்காந்து படிச்சிடலாம், ஆனா கிளினிக்கல் நேரத்தை நேர்ல நோயாளிகளைப் பார்த்துதான் முடிக்கணும், முன்னாடி குறைஞ்சது 500 மணி நேரம்னு இருந்துச்சு, 2022ல வந்த புது தேசியத் தர நெறிமுறை அதை 750 ஆக்கிடுச்சு.

உண்மையான கஷ்டமே இங்கதான். கூட நின்னு சொல்லிக் குடுக்க ஒரு பிரிசெப்டர் வேணும், நிறைய காலேஜ்ல அதை நீங்களே தேடிக்கோங்கன்னு விட்டுடுவாங்க, தெரிஞ்ச டாக்டர் கிளினிக் எல்லாம் ஏறி இறங்கணும். அதனால ஃபீஸ் எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடியே பிரிசெப்டரை யார் ஏற்பாடு பண்ணுவாங்கன்னு கேளுங்க, தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க.

அப்புறம், நீங்க இருக்குற மாநிலத்து ஆளுங்களை அந்த காலேஜ் சேர்த்துக்குதான்னு பாருங்க, எல்லா காலேஜும் எல்லா மாநிலத்துக்கும் கிடையாது. சிசிஎன்இ, ஏசென் மாதிரி நர்சிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்போட அங்கீகாரமும் இருக்கணும், இல்லாட்டி ஏஏஎன்பிசிபி, ஏஎன்சிசிங்குற சான்றிதழ் அமைப்புகள் நடத்துற பரீட்சையே எழுத முடியாது. சேர்றதுக்கு ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் வேணும், பெரும்பாலும் பிஎஸ்என்ங்குற நர்சிங் இளங்கலை டிகிரியும் கேப்பாங்க.